மென்தசையின் பாஸ்பேட் வரவுசெலவு

ஆய்வகத்தில் நான் செய்த முதல் மென்தசைச் சோதனையின் முடிவு ஒரே ஒரு பட்டையாக வந்து நின்றது. ஒரு சிறு தமனியிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய கீற்றை விசையளவியின் கொக்கியில் மாட்டி, அதைச் சூழ்ந்திருந்த உப்புக்கரைசலில் பொட்டாசியத்தின் அளவை உயர்த்தியபோது, கீற்று சுருங்கியது. பதிவுக்கோடு மேலே ஏறி, ஏறிய இடத்திலேயே நிலைத்தது. விசை உச்சத்தில் இருக்கும்போதே கீற்றைக் கழற்றி, குளிர்ந்த தாங்கல் கரைசலில் அரைத்து, தசையை இழுக்கும் மோட்டார் புரதமான மயோசினின் ஒழுங்குறுத்தும் இலகு சங்கிலியை யூரியா கலந்த ஜெல்லில், மின்புலத்தில், ஓடவிட்டேன். பாஸ்பேட் ஏறிய சங்கிலிக்கு எதிர்மின்சுமை கூடுதல் என்பதால், அது ஏறாத சங்கிலியை முந்திக்கொண்டு ஓடும். ஆகவே இரண்டு பட்டைகள் தெரியும் என்று காத்திருந்தேன். பின்தங்கிய பட்டை மட்டுமே தெரிந்தது. தசை முழு விசையோடு சுருங்கியதற்குப் பதிவுக்கோடு சாட்சியாக இருந்தது. அந்தச் சுருக்கத்தை ஏவியதாகப் பாடநூல் சொல்லும் பாஸ்பேட்டுக்கோ ஜெல்லில் தடயமே இல்லை.

மூன்று நாட்கள், பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான கைனேஸைத்தான் சந்தேகித்தேன். கரைசல்களை மறுபடி தயாரித்தேன், கீற்றுகளை மாற்றினேன், ஜெல்லின் யூரியா அளவைத் திருத்தினேன். பட்டை ஒன்றாகவே இருந்தது. பிறகு அங்கே பல்லாண்டுகள் பணிபுரிந்த மூத்தவர் ஒருவர் என் குறிப்பேட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “கீற்றைக் கழற்றியதிலிருந்து புரதங்கள் செயலிழக்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது?” என்று கேட்டார். ஏறக்குறைய ஐந்து நிமிடம் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தாங்கல் கரைசலில் நான் சேர்த்திருந்த ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கைனேஸை நிறுத்தியிருந்தது. பாஸ்பேட்டை இறக்கும் நொதியான பாஸ்பட்டேஸோ, கால்சியத்தின் தயவு தேவைப்படாததால், அந்த ஐந்து நிமிடமும் தடையின்றி உழைத்து, ஏறியிருந்த பாஸ்பேட் முழுவதையும் இறக்கிவிட்டிருந்தது. அடுத்த முறை, ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் கலந்து உலர்பனியில் குளிரவைத்த அசிட்டோனில் கீற்றை நேராக அமிழ்த்தி, எல்லா நொதிகளையும் அந்த நொடியிலேயே நிறுத்தினேன். இரண்டு பட்டைகளும் வந்தன.

மென்தசை பற்றிய பாடங்கள் பெரும்பாலும் கால்சியத்தில் தொடங்கிக் கைனேஸோடு நின்றுவிடுகின்றன என்பதை அதற்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். பாஸ்பேட்டை ஏற்றும் நொதிக்கு ஒரு பக்கம், இறக்கும் நொதிக்கு ஒரு வரி. தசையின் உள்ளே நடப்பது ஓயாத வரவும் ஓயாத செலவும் ஆகும். ஒரு கணத்தில் எத்தனை மயோசின்கள் பாஸ்பேட்டோடு இருக்கின்றன என்பது அந்த இரண்டின் எச்சம். வரவை மட்டும் பார்த்துக் கையிருப்பைச் சொல்ல யாராலும் இயலாது. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது இந்த ஒரு குறைதான்.

மென்தசை என்பது இரத்தக்குழாய், குடல், மூச்சுச் சிறுகுழல், சிறுநீர்ப்பை, கருப்பை ஆகியவற்றின் சுவர்களில் நாம் ஏவாமலே இயங்கும் தசை. எலும்புத்தசையில் காணப்படும் வரிகள் இதில் இல்லை. ஆனால் விசையை உண்டாக்கும் அடிப்படைப் பொறி இரண்டுக்கும் ஒன்றே. மயோசின் என்னும் மோட்டார் புரதத்தின் தலை ஆக்டின் இழையைப் பற்றி, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தரும் ஆற்றலால் ஏறக்குறைய 10 நானோமீட்டர் இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகிறது. பொறி ஒன்றாயிருந்தும் அதை முடுக்கும் முறை அடியோடு வேறுபடுகிறது. எலும்புத்தசையில் பூட்டு ஆக்டின் இழையின் மேல் இருக்கிறது. அங்கே மயோசின் எப்போதும் ஆயத்தமாக நிற்க, ட்ரோபோனினும் ட்ரோபோமயோசினும் ஆக்டினின் பற்றிடங்களை மறைத்துக்கொண்டிருக்கின்றன. கால்சியம் ட்ரோபோனினில் அமர்ந்ததும் மறைப்பு விலகுகிறது. மென்தசையில் ட்ரோபோனினே கிடையாது. இங்கே பூட்டு மயோசினின் மேலேயே இருக்கிறது. சாவி ஒரு பாஸ்பேட்.

அந்தப் பாஸ்பேட் எங்கே ஏறுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மயோசின் மூலக்கூறில் ஆறு சங்கிலிகள் உள்ளன. இரண்டு கன சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நீண்ட வாலாகி, மறுமுனையில் பிரிந்து இரண்டு தலைகளாகின்றன. ஒவ்வொரு தலையின் கழுத்திலும் இரண்டு இலகு சங்கிலிகள் சுற்றியிருக்கின்றன: 17 கிலோடால்டன் எடையுள்ள ஒன்று கழுத்துக்கு உறுதி தருகிறது, 20 கிலோடால்டன் எடையுள்ள மற்றொன்று தலையும் வாலும் சேருமிடத்துக்கு அருகில் அமர்ந்து, தலையின் நடத்தையை ஒழுங்குறுத்துகிறது. இந்த 20 கிலோடால்டன் சங்கிலியின் தொடக்கத்தில், 19ஆம் இடத்திலுள்ள செரின் என்னும் அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட் ஏறுகிறது. ஐந்து லட்சம் டால்டனை எட்டும் ஒரு பெரும் மூலக்கூறின் தலைவிதியை, நூறு டால்டனுக்கும் குறைவான ஒரு சிறு சுமை தீர்மானிக்கிறது. இத்தனை ஆண்டுகள் படித்தும் இந்த விகிதம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பாஸ்பேட் இல்லாத மயோசின் சும்மா கிடப்பதில்லை. அது தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறது. கரைசலில் தனித்திருக்கும் மென்தசை மயோசின், பாஸ்பேட் இல்லாதபோது, நீண்ட வாலை இரண்டு இடங்களில் மடித்து மூன்று பகுதிகளாக்கி, தலைகளின்மேல் சுற்றிக்கொள்கிறது. மடிந்து கச்சிதமான வடிவம் மையவிலக்கியில் விரைவாக இறங்குவதால் அதற்கு 10எஸ் என்றும், விரிந்த வடிவம் மெதுவாக இறங்குவதால் அதற்கு 6எஸ் என்றும் பெயர். மடிந்த நிலையில் இரண்டு தலைகளும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொள்கின்றன, ஆனால் சமமாக அல்ல. ஒரு தலையின் ஆக்டினைப் பற்றும் முகம் மற்றத் தலையின்மேல் அழுந்தி அடைபட்டுப்போகிறது. அந்த மற்றத் தலையின் முகம் வெளியே திறந்திருந்தாலும், இழுப்பதற்குத் தேவையான உள்ளசைவு தடுக்கப்பட்டிருப்பதால் அதனாலும் பயனில்லை. 2001இல் குளிர் மின்னணு நுண்ணோக்கி வழியாக இந்தச் சமச்சீரற்ற அணைப்பு முதன்முதலில் படமாக்கப்பட்டது; 2020இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் மடிந்த மூலக்கூறு முழுவதையும் முன்னெப்போதும் இல்லாத நுணுக்கத்தோடு வெளியிட்டன. அந்தப் படங்களைப் பார்க்கும்போது, செரின் 19 அமைந்த முனைப்பகுதி இந்தக் கட்டு இறுகியிருக்கும் இடத்தை ஒட்டியே இருப்பது தெரிகிறது. அங்கே பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை வந்து சேர்ந்ததும் கட்டு தளர்கிறது, தலைகள் பிரிகின்றன, வால் நிமிர்கிறது. உயிருள்ள தசையில் மயோசின்கள் தளர்நிலையிலும் பெரும்பாலும் இழைகளாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இழைகளின் மேலும் தலைகள் இதே போல மடங்கியே ஓய்வெடுப்பதாகக் கருதப்படுகிறது.

பாஸ்பேட்டை ஏற்றும் நொதி, மயோசின் இலகு சங்கிலிக் கைனேஸ். புரதங்கள்மேல் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ்களில் பல, பல வாசல்களில் வேலை செய்பவை. இதுவோ ஒரே வாசலில் நிற்கும் காவலர் போன்றது. உடலில் இதற்குத் தெரிந்த முதன்மையான வேலை இந்த இலகு சங்கிலி ஒன்றுதான். இயல்பாக இது தானே தன் வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதன் சங்கிலியின் ஒரு பகுதி செயல்மையத்தின்மேல் படிந்து வழியை மறிக்கிறது. ஓய்வில் உள்ள மென்தசைச் செல்லில் கட்டற்ற கால்சியம் சுமார் 100 நானோமோலார். நரம்போ ஹார்மோனோ தூண்டும்போது அது பல மடங்கு உயர்கிறது. உயர்ந்த கால்சியம் நான்கு அயனிகளாகக் கால்மோடுலின் என்னும் சிறு புரதத்தில் அமர, கால்மோடுலின் கைனேஸைத் தழுவிக்கொண்டு, மறித்திருந்த பகுதியை விலக்குகிறது. இத்தனை படிகளுக்கும் நேரம் தேவை. கால்சியம் உயர்ந்த பிறகு எலும்புத்தசை சில மில்லி நொடிகளில் விசை காட்டத் தொடங்கும்போது, மென்தசை நூற்றுக்கணக்கான மில்லி நொடிகள் தாமதிக்கிறது. இந்தத் தாமதத்தைக் குறையாகப் பார்ப்பது தவறு என்பது என் எண்ணம். ஒரு குழாயின் சுவருக்கு வேகம் தேவையில்லை. நாள் முழுதும் விடாமல் பிடித்திருப்பதே அதன் வேலை.

புரதத்தின்மேல் பாஸ்பேட் ஏறி இறங்குவதால் அதன் செயல் மாறும் என்னும் கருத்தே ஒரு தசையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1950களில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் எலும்புத்தசையில் கிளைக்கோஜனைச் சிதைக்கும் நொதியை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தார்கள். 1992இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மயோசினுக்கு இந்த விதி பொருந்தும் என்பதை 1975இல் ராபர்ட் ஏடெல்ஸ்டீனும் மேரி ஆன் கான்டியும் காட்டினார்கள்; ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட மயோசின் தசையினுடையது அல்ல, இரத்தத் தட்டணுக்களினுடையது. இலகு சங்கிலியில் பாஸ்பேட் ஏறியதும் ஆக்டினால் தூண்டப்படும் ஏ.டி.பி. சிதைவு கூடுவதை அவர்கள் அளந்தார்கள். அதைத் தொடர்ந்து மென்தசையிலும் அதுவே நடப்பது தெரியவந்தது.

ஆனாலும் வாதம் அதோடு முடியவில்லை. எலும்புத்தசையில் ட்ரோபோனினைக் கண்டறிந்த செட்சுரோ எபாஷி, மென்தசையிலும் ஆக்டின் இழையின் மேல்தான் முதன்மையான கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று கருதி, லியோடோனின் என்று பெயரிட்ட ஒரு காரணியை நெடுநாள் முன்வைத்தார். இந்த வாதத்தில் தராசைச் சாய்த்த சோதனைகளில் ஒன்றை நான் எப்போதும் மாணவர்களுக்குச் சொல்வேன், ஏனெனில் அதன் எளிமை அழகானது. சவ்வைக் கரைத்து நீக்கிய மென்தசை நாரில், கால்சியத்தோடு ஏ.டி.பி.க்குப் பதிலாக அதன் கந்தக வடிவத்தைக் கொடுத்தால், கைனேஸ் அதை ஏற்று, இலகு சங்கிலியில் கந்தகம் பொருந்திய பாஸ்பேட்டை ஏற்றிவிடும். இதைப் பாஸ்பட்டேஸால் எளிதில் இறக்க முடியாது; மயோசினின் தலையோ கந்தக வடிவத்தைக்கொண்டு இழுக்க இயலாது. பிறகு கால்சியத்தை முற்றிலுமாகக் கழுவி அகற்றிவிட்டுச் சாதாரண ஏ.டி.பி.யைக் கொடுத்தால், நார் முழு விசையோடு சுருங்குகிறது. கால்சியம் இல்லை, ஆனால் சுருக்கம் இருக்கிறது. கால்சியத்தின் வேலை பாஸ்பேட்டை ஏற்றச் செய்வதுதான் என்பதும், ஏற்றம் நிலைத்துவிட்டால் கால்சியம் இல்லாமலே மோட்டார் ஓடும் என்பதும் இதனால் ஐயமறத் தெளிந்தன. கால்டெஸ்மான், கால்போனின் போன்ற ஆக்டின்சார் புரதங்கள் சுருக்கத்தின் அளவைச் சற்றே கூட்டிக் குறைக்கின்றன. அவற்றை இங்கே விரிக்கப் போவதில்லை.

அந்தச் சோதனையை மறுபக்கமிருந்து படித்தால் அது பாஸ்பட்டேஸைப் பற்றிய சோதனையாகவும் ஆகிவிடுகிறது. இறக்க இயலாத பாஸ்பேட்டை ஏற்றினால் தசை தளராது. ஆகவே தளர்ச்சி என்பது கால்சியம் குறைவதால் தானாக நேர்வது அல்ல, ஒரு நொதி உழைத்துச் செய்யும் செயல். அந்த நொதி, மயோசின் இலகு சங்கிலிப் பாஸ்பட்டேஸ், மூன்று பகுதிகளால் ஆனது. வெட்டும் பகுதி பல திசுக்களில் பல வேலைகளுக்குப் பயன்படும் பொதுவான பாஸ்பட்டேஸ். அதை மயோசினிடம் அழைத்துச் சென்று, சரியான இடத்தில் சரியான கோணத்தில் நிறுத்துவது எம்.ஒய்.பி.டி.1 என்னும் பெரிய துணைப்பகுதி. மூன்றாவது, 20 கிலோடால்டன் எடையுள்ள சிறு பகுதி. அதன் பங்கு இன்னும் நன்றாகத் துலங்கவில்லை. நெடுங்காலம் இந்த நொதி மாறாத வேகத்தில் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றாகவே எண்ணப்பட்டது. கைனேஸ் மட்டும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, பாஸ்பட்டேஸ் வெறும் துப்புரவுப் பணி செய்வது என்ற அந்த எண்ணம், பாடநூல்களின் அந்த ஒற்றை வரியில் இன்னும் உயிர்வாழ்கிறது.

அது உடைந்தது 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும். ஆண்ட்ரூ சோம்லியோ, அவ்ரில் சோம்லியோ ஆகியோரும் அவர்களோடு பணியாற்றியவர்களும், மென்தசைச் செல்லின் சவ்வில் ஒரு நச்சுப்புரதத்தால் நுண்துளைகள் இட்டு, செல்லுக்குள் கால்சியத்தை ஒரே அளவில் பிடித்துவைத்தார்கள். ஏற்பிகள் சிதையாத அந்தத் தசையில், கால்சியத்தைக் கூட்டாமல், ஒரு தூண்டுபொருளையும், ஏ.டி.பி.யின் உறவு மூலக்கூறான ஜி.டி.பி.யையும் (GTP) சேர்த்தபோது விசை மேலேறியது. கைனேஸுக்குக் கூடுதல் ஆணை எதுவும் வரவில்லை. செலவு குறைந்ததால் கையிருப்பு கூடியிருந்தது. கால்சியக் கூருணர்வு உயர்வு என்று இதற்குப் பெயர். உயர் இரத்த அழுத்தம், மூளைத் தமனிகளின் இறுக்கம், மூச்சுக்குழல் சுருக்கம் ஆகியவற்றைப் பற்றிய பிற்காலச் சிந்தனையைக் கால்சியத்துக்கு அப்பால் கொண்டுசென்ற கண்டுபிடிப்பு இது என்று நான் கருதுகிறேன்.

பாஸ்பட்டேஸை அடக்கும் வழிகள் இரண்டு நன்கு தெரிந்தவை. முதல் வழியில், தூண்டுபொருள் ஏற்பியில் அமர்ந்ததும் ரோஏ என்னும் சிறு புரதம் விழித்து, ரோ கைனேஸைத் தூண்டுகிறது; அது எம்.ஒய்.பி.டி.1இன்மேல், 696ஆம், 853ஆம் இடங்களிலுள்ள த்ரியோனின் என்னும் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றி, நொதியின் வேகத்தைத் தணிக்கிறது. 1996இல் இந்தத் தொடர்பு வெளியானது. இரண்டாவது வழியில், புரதக் கைனேஸ் சி, சி.பி.ஐ.-17 என்னும் 17 கிலோடால்டன் புரதத்தின் 38ஆம் த்ரியோனினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறாதபோது மந்தமாக இருக்கும் இந்தச் சிறு புரதம், ஏறியதும் பாஸ்பட்டேஸைத் தடுக்கும் வல்லமையில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது: பாஸ்பேட்டை இறக்கும் நொதியையே பாஸ்பேட் ஏற்றித்தான் செல் அடக்குகிறது. ஒரே வேதிவினை ஓரிடத்தில் மோட்டாரை முடுக்குகிறது, மற்றோரிடத்தில் அந்த மோட்டாரை அணைக்கும் கையைக் கட்டுகிறது. இரண்டும் ஒரே திசையில், சுருக்கத்தை நோக்கியே, தள்ளுகின்றன.

தளர்ச்சியின் திசையிலும் இதே எழுத்துமுறை பயன்படுகிறது. இரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடு, அருகிலுள்ள மென்தசைச் செல்லுக்குள் பரவி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான வளைய ஜி.எம்.பி.யின் அளவை உயர்த்துகிறது. ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோர் 1998இல் நோபல் பரிசு பெற்றது நைட்ரிக் ஆக்சைடு இரத்தக்குழாய்களில் செய்தி கொண்டுசெல்லும் பொருளாகச் செயல்படுவதைக் கண்டறிந்ததற்காக. வளைய ஜி.எம்.பி. தூண்டும் புரதக் கைனேஸ் ஜி, செல்லின் கால்சியத்தைப் பல வழிகளில் குறைக்கிறது என்பது பரவலாகத் தெரிந்தது. அதே நொதி எம்.ஒய்.பி.டி.1இன் 695ஆம் செரினிலும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. எண்களைப் பாருங்கள்: ரோ கைனேஸ் குறிவைக்கும் த்ரியோனின் 696ஆம் இடத்தில், இது 695இல். பக்கத்து இருக்கையில் ஒருவர் முன்னதாக அமர்ந்துவிட்டால், அடுத்த இருக்கைக்கு வருபவருக்கு இடமில்லாமல் போகிறது. 695இல் ஏறிய பாஸ்பேட் 696இல் ஏற விடுவதில்லை. பாஸ்பட்டேஸ் அடக்கப்படாமல் தப்புகிறது, தசை தளர்கிறது. மார்புவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையின் வேலையில் இந்த இருக்கைப் போட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த அறிவு மருந்தாகவும் மாறியிருக்கிறது. கால்சியம் நுழையும் வாயில்களை அடைக்கும் மருந்துகள் வரவைக் குறைப்பவை. ரோ கைனேஸைத் தடுப்பவை செலவைக் கூட்டுபவை. ஃபாசுடில் என்னும் ரோ கைனேஸ் தடுப்பான், மூளையுறைக்கடியில் இரத்தம் கசிந்த பின் ஏற்படும் தமனி இறுக்கத்துக்காக ஜப்பானில் 1995இல் ஏற்கப்பட்டது. ஒய்-27632 என்னும் மற்றொரு தடுப்பான் உயர் அழுத்தமுள்ள எலிகளில் இரத்த அழுத்தத்தை இறக்கியதை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணழுத்த நோய்க்கு ரிபாசுடில் 2014இல் ஜப்பானிலும், நெடார்சுடில் 2017இல் அமெரிக்காவிலும் வந்தன. கண்நீர் வடியும் வழியிலுள்ள செல்களும் இதே போன்ற சுருங்கும் பொறியைக் கொண்டவை என்பதே அதற்கு அடிப்படை.

பாடநூல்களில் இன்னும் தொடரும் ஒரு பிழையையும் இங்கே சுட்டிக்காட்ட விரும்புகிறேன். வளைய ஜி.எம்.பி. போன்ற மற்றொரு செய்தி மூலக்கூறான வளைய ஏ.எம்.பி. உயர்ந்தால் மென்தசை தளர்வதற்குக் காரணம், புரதக் கைனேஸ் ஏ இலகு சங்கிலிக் கைனேஸின் மேலேயே பாஸ்பேட்டை ஏற்றி அதை மந்தமாக்குவது என்று பல நூல்கள் ஐயமின்றி எழுதுகின்றன. தூய்மையாக்கிய புரதங்களைக் கொண்டு செய்த 1978ஆம் ஆண்டுச் சோதனையில் அப்படி நடந்தது உண்மை. ஆனால் முழுத் திசுக்களில் அளந்து பார்த்தபோது, அந்த இடத்தில் பாஸ்பேட் கணிசமாக ஏறுவது தளர்ச்சியின்போது அல்ல, கால்சியம் உயர்ந்திருக்கும் சுருக்கத்தின்போதுதான் என்றும், ஏற்றுவது பெரும்பாலும் கால்மோடுலின் சார்ந்த வேறொரு கைனேஸ் என்றும் தெரியவந்தது. சோதனைக்குழாயில் நடக்கக்கூடியது எல்லாம் செல்லில் நடப்பதாக எழுதிவிடக் கூடாது. என் ஐந்து நிமிடத் தவறும் ஏறத்தாழ இதே இனத்தைச் சேர்ந்தது: அரைத்த திசுவில் நான் கண்டதைச் சுருங்கிய திசுவின் நிலை என்று எண்ணிவிட்டேன்.

இனி, இந்தத் துறையில் என்னை மிக நீண்ட நாள் சிந்திக்க வைத்த செய்திக்கு வருகிறேன். 1981இல் ராபர்ட் மர்ஃபியும் உடன் பணியாற்றியவர்களும் தமனித் தசையைத் தூண்டி, விசையையும் பாஸ்பேட் அளவையும் சுருங்கும் வேகத்தையும் நேரத்தோடு சேர்த்து அளந்தார்கள். தூண்டிய உடன் பாஸ்பேட் விரைந்து ஏறியது, வேகமும் ஏறியது. பின்னர், தூண்டுதல் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே, பாஸ்பேட் இறங்கத் தொடங்கியது. வேகமும் அதோடு இறங்கியது. விசை மட்டும் இறங்கவில்லை. பாஸ்பேட் வெகுவாகக் குறைந்த பிறகும் தசை அதே விசையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் மிகக் குறைந்த ஏ.டி.பி. செலவில். தாழ்ப்பாள் போட்டதுபோன்ற இந்த நிலையைத் தாழ்நிலை என்று தமிழில் அழைக்கலாம் என்று நினைக்கிறேன். எலும்புத்தசை அதே விசையைப் பிடித்திருக்கச் செலவிடும் ஆற்றலோடு ஒப்பிட்டால் மென்தசையின் செலவு நூறில் ஒரு பங்கை விடவும் குறைவாக இருக்கக்கூடும்.

இதற்கு 1988இல் சி-மிங் ஹாயும் மர்ஃபியும் தந்த விளக்கம் நான்கு நிலைகள் கொண்டது. மயோசின் தலை பாஸ்பேட்டோடோ பாஸ்பேட் இல்லாமலோ இருக்கலாம். ஆக்டினோடு சேர்ந்தோ விலகியோ இருக்கலாம். பாஸ்பேட்டோடு சேர்ந்த தலை விரைவாகப் பற்றி விரைவாக விடுகிறது. பற்றியிருக்கும் நேரத்திலேயே பாஸ்பட்டேஸ் வந்து பாஸ்பேட்டை இறக்கிவிட்டால், அந்தத் தலை ஆக்டினைப் பற்றியபடியே, ஆனால் மிக மெதுவாக விடும் தலையாக மாறிவிடுகிறது. அத்தகைய தலைகள் சேரச் சேர, விசை நிலைக்கிறது, சுழற்சி மந்தமாகிறது, ஆற்றல் மிச்சமாகிறது. இந்த விளக்கத்தின் மையத்தில் நிற்பவர் யார் என்பதைக் கவனித்தால், நான் ஏன் இதையே சுற்றிச்சுற்றி வருகிறேன் என்பது விளங்கும். தளர்ச்சியைத் தருவதாக நாம் எண்ணும் பாஸ்பட்டேஸ், சரியான கணத்தில் வந்தால், தளரவிடாமல் பிடித்துவைக்கும் தாழ்ப்பாளையே இட்டுவிடுகிறது. ஒரு நொதியை “சுருக்கத்துக்கு எதிரி” என்று ஒரே சொல்லில் அடையாளப்படுத்துவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

அந்த நான்கு நிலை விளக்கம் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறதா என்றால், இல்லை என்றே நான் சொல்வேன். மென்தசை மயோசின் இயல்பாகவே ஏ.டி.பி.யை மெதுவாக விடுவது, பாஸ்பேட் ஏறிய தலையின் அருகாமையில் ஏறாத தலையும் ஓரளவு ஒத்துழைப்பது, தசைச் செல்லிலுள்ள தசைசாரா மயோசினின் பங்கு ஆகியவற்றையும் சேர்த்தே சிந்திக்க வேண்டியிருக்கிறது. மெல்லுடலிகளின் ஓடுகளை மணிக்கணக்கில் மூடிப் பிடித்திருக்கும் தசையிலும் இதை நினைவூட்டும் ஒரு பூட்டு உண்டு. ஆனால் அங்கே பாஸ்பேட் ஏறுவது ட்விட்சின் என்னும் வேறொரு புரதத்தில், ஏறும்போது பூட்டுவதற்குப் பதிலாகத் திறக்கிறது. ஒத்த தேவைக்கு இயற்கை எதிரெதிர் வழிகளில் விடை கண்டிருக்கிறது.

இந்தக் கணக்கு தவறிப்போனால் என்னாகும் என்பதை மரபணுக்கள் காட்டுகின்றன. மென்தசை மயோசினின் கன சங்கிலி, மென்தசை ஆக்டின், இலகு சங்கிலிக் கைனேஸ் ஆகிய மூன்றில் எதன் மரபணு பழுதுபட்டாலும், சில குடும்பங்களில் மார்புப் பெருந்தமனி வீங்கிக் கிழியும் நோய் தோன்றுகிறது. மோட்டார், அது பற்றும் இழை, அதை முடுக்கும் நொதி என்ற மூன்றும் ஒரே நோயில் வந்து சேர்வது தற்செயல் அல்ல. ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் தாங்கும் சுவருக்கு, தன் இழுவிசையைச் சரியாக அளந்துகொள்ளும் திறன் இன்றியமையாதது.

அந்த இரண்டு பட்டைகள் வந்த நாளுக்குச் சில மாதங்கள் கழித்து, என் ஜெல்லில் மூன்றாவது பட்டை ஒன்றையும் பார்த்தேன். கால்சியம் துளியும் இல்லாத கரைசலில் ஒரு கீற்றை வைத்து, கடற்பஞ்சிலிருந்து கிடைக்கும் காலிகுலின் ஏ என்னும் பாஸ்பட்டேஸ் தடுப்பானைச் சேர்த்திருந்தேன். கைனேஸைத் தூண்டும் எதையும் சேர்க்கவில்லை. சில நிமிடங்கள் பதிவுக்கோடு அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாக, நிற்காமல், மேலேறத் தொடங்கியது. கீற்றை அசிட்டோனில் உறையவைத்து ஓட்டியபோது, ஒரு பாஸ்பேட் ஏறிய பட்டையையும் முந்திக்கொண்டு, செரின் 19இலும் அதன் பக்கத்துத் த்ரியோனின் 18இலும் பாஸ்பேட் ஏறிய சங்கிலி தனிப் பட்டையாக நின்றது. கால்சியம் கேட்காத கைனேஸ்கள், சிப்பர் கைனேஸும் இன்டெக்ரின் சார்ந்த கைனேஸும், ஓய்விலுள்ள செல்லிலும் ஓசையின்றிப் பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. அவை ஏற்றியதை அந்த நொடியிலேயே பாஸ்பட்டேஸ் இறக்கிவிடுவதால்தான் தசை ஓய்வில் இருப்பதாக நமக்குத் தெரிகிறது.